மணல் காலோடு மியூசியத்துக்கு வந்த மகளுக்கு

செல்வி,

அம்மா எழுதுகிறேன். நீங்கள் மூன்று பேரும் வந்துவிட்டுப் போய்ப் பத்து நாளாகிறது. இதைப் போனில் சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை முயன்று பார்த்தேன். நீ வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்குகிறாய், மாப்பிள்ளை அந்தப் பக்கம் சட்டையைத் தேடுகிறார், யாழினி சார்ஜரைக் கேட்டுக் கத்துகிறாள். அந்தக் கலவரத்துக்கு நடுவில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால் கடையில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிவந்து உட்கார்ந்திருக்கிறேன். முட்டி வலி உட்காரவும் விடுவதில்லை, நிற்கவும் விடுவதில்லை. விட்டு விட்டுத்தான் எழுதுகிறேன், அங்கங்கே பேச்சு மாறும். பொறுத்துக்கொண்டு படி.

இந்த மாதக் கடைசியோடு எனக்கு மியூசியம் வேலை முடிகிறது. உங்கப்பா அட்டெண்டராக நின்ற அதே ஹாலில் நானும் இருபத்தொரு வருஷம் நின்றாயிற்று. ஒரு சால்வை போடுவார்கள், காராபூந்தியும் டீயும் கொடுப்பார்கள், யாராவது ஒருவர் என்னைப் பொறுமைசாலி என்று பேசுவார். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். உங்கப்பா செத்த பிறகு அந்த வேலை எனக்கு எப்படி வந்தது என்பதை. நீ நினைத்துக்கொண்டிருக்கிற மாதிரி அது வரவில்லை.

கடற்கரைக்கு லீவில் வருகிறவர்கள் மியூசியத்துக்கு எதற்கு வருகிறார்கள் என்று என்னைக் கேட்டால், வெயிலுக்கு என்றுதான் சொல்வேன். காலையில் கடலில் ஆட்டம் போடுவார்கள். பதினோரு மணிக்கு மேல் மணல் சுட ஆரம்பித்ததும் ஆட்டோக்காரரிடம் பக்கத்தில் நிழலாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார்கள். அவர் கொண்டுவந்து எங்களிடம் இறக்கிவிடுவார். முழங்கால் வரை மடித்துவிட்ட பேண்ட், கெண்டைக்காலில் உப்புக் கோடு, காயாத தலை. உள்ளே வந்ததும் பாத்ரூம் எங்கே என்று கேட்பார்கள். அப்புறம் மேலே நிமிர்ந்து ஃபேனைத் தேடுவார்கள். பிரெஞ்சுத் துரைமார் படுத்த கட்டிலைப் பார்த்து, ‘இது இப்ப இன்னா விலை போவும்’ என்பார்கள். கல் சிற்பத்துக்குப் பக்கத்தில் அதே மாதிரி இடுப்பை ஒடித்து நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அரை மணி நேரத்தில் எல்லா அறையையும் முடித்துவிட்டு இளநீர் குடிக்கப் போய்விடுவார்கள். அவர்கள் போன பிறகு தரையெல்லாம் மணல். நான் பீச்சுப் பக்கம் போய் வருஷக்கணக்காகிறது, ஆனால் பீச் தினமும் என் காலடிக்கு வந்துவிடுகிறது. முன்னெல்லாம் இவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். இப்போது கோபப்படக்கூடத் தெம்பில்லை.

எந்த ஊர் கடலுக்குப் போனாலும் அங்கே ஒரு மியூசியம் இருந்தால் அதைக் கடலுக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும், உடம்பு ஈரமில்லாமல், வயிறு பசிக்காமல் இருக்கும்போதே. எல்லா அறையையும் பார்க்கக் கூடாது. ஏதாவது ஒரு அறையில் ஏதாவது ஒரு பொருளின் முன்னால் கால் கடுக்கும் வரை நின்றால் போதும். அங்கே நிற்கிற அட்டெண்டரிடம் ஒரு வார்த்தை பேசினால் புண்ணியம். இதையெல்லாம் வருகிறவர்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன், சொன்னதில்லை. உன்னிடம் சொல்லவே தேவையில்லை. நம் குடும்பத்தில் மியூசியம் பார்க்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். பத்து வயதில் லீவு விட்டால் அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு கருவடிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் கிளம்பிவிடுவாய். கொடுத்துவிட்டு உடனே வாடி என்று அனுப்பினால் சாயங்காலம் அவரோடு சேர்ந்துதான் வருவாய். வெளியூரிலிருந்து படித்தவர்கள் யாராவது வந்தால் அப்பா அவர்கள் பின்னாலேயே போய்க் காதைக் கொடுத்துக் கேட்பார், அதை வந்து உன்னிடம் சொல்லுவார். காலேஜில் நீ ஹிஸ்டரிதான் படிப்பேன் என்று நின்றபோது, அதைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று நான்தான் முணுமுணுத்தேன். அவர் நேராகப் போய்ப் பணம் கட்டிவிட்டு வந்தார்.

திருப்பூரிலிருந்து நீ போன் செய்து, மூன்று நாள் லீவு, யாழினிக்குக் கடல் பார்க்க வேண்டுமாம், பீச் ஓரமாக ரூம் போட்டிருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வீட்டுக்கு வருகிறோம் என்றாய். சொந்த ஊருக்கு வருகிறவள் ரூம் போட்டுத் தங்குகிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ‘சரிடி, புள்ளைக்கு வசதியா இருக்கட்டும்’ என்றேன். அப்புறம் யோசித்தால் தப்பாகவும் தெரியவில்லை. ஒரே ஒரு ரூம், ஒரு ஹால், காலையில் ஏழு மணிக்கு மேல் தண்ணீர் வராது. நீயும் பனியன் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டே கறை இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று துணி பார்க்கிறவள். மூன்று நாளாவது யாரோ விரித்துக் கொடுத்த படுக்கையில் படுத்துவிட்டுப் போகட்டும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

சனிக்கிழமை காலையில் நோணாங்குப்பத்தில் போட் ஏறப் போவதாகச் சொன்னாய். நீ மியூசியத்துக்கு வருவாய் என்று நான் நினைக்கவில்லை. கல்யாணமாகிப் போன பிறகு நீ அங்கே காலெடுத்து வைத்ததே இல்லை. ஊருக்கு வந்தால் அந்தத் தெருவைக்கூடச் சுற்றிக்கொண்டு போவாய், எனக்குத் தெரியும். பன்னிரண்டு மணி இருக்கும். படியில் பேச்சுக்குரல் கேட்டது. மணல் கோஷ்டி ஒன்று வருகிறது என்று அலுப்போடு எழுந்து நின்றேன். பார்த்தால் நீ. சுடிதார் விளிம்பெல்லாம் ஈரம். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றி வாசலிலேயே தட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒருவர்தான் அப்படிச் செய்வார். ‘அத்தை, போட்டுக்கு ரெண்டு மணி நேரம் க்யூங்க, திரும்பிட்டோம். இவதான் இங்க போலாம்னா’ என்றார். நீ டிக்கெட்டைக் கையில் வைத்திருந்தாய். ‘எதுக்குடி டிக்கெட்லாம் வாங்கன, சொல்லியிருந்தா நான் உள்ள கூட்டினு வந்திருப்பேனே’ என்றதற்கு, ‘இருக்கட்டும்மா’ என்று அதை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டாய்.

அப்புறம் நடந்ததை நீ மறந்திருப்பாய். எனக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. யாழினி போனை நோண்டிக்கொண்டே வந்தாள். நீ அவளைப் புஸ்புஸ் வண்டிக்கு முன்னால் நிறுத்தி, ‘இத எப்படி ஓட்டுவாங்க சொல்லு’ என்றாய். அவளுக்குத் தெரியவில்லை. ‘பின்னாடி ஒரு ஆள் தள்ளுவான். உள்ள உக்காந்திருக்கறவர் கையில ஒரு கம்பி இருக்கும், அதத் திருப்பினா முன்சக்கரம் திரும்பும். தள்றவனுக்கு முன்னாடி இன்னா இருக்குன்னே தெரியாது. அவன் தள்ளணும், இவர் இஷ்டத்துக்குத் திருப்புவாரு’ என்றாய். அவள் போனைப் பையில் போட்டாள். பிறகு மணிகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு வந்தீர்கள். மண்ணுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த கல் மணிகள். அதில் ஒரு தட்டு முழுக்க உடைந்தது, பாதி துளை போட்டது. இருபத்தொரு வருஷம் அந்தப் பெட்டியைத் துடைத்திருக்கிறேன், சத்தியமாகச் சொல்கிறேன், நல்லது தீர்ந்துபோய் வீணாய்ப் போனதையும் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நீ சொன்னாய், ‘இந்த உடைஞ்சதுதான் இங்க முக்கியம் யாழினி. ஓட்டை போடறப்ப உடைஞ்சது. வேற ஊர்ல காசு குடுத்து வாங்கிட்டு வர்றவன் உடைஞ்சத வாங்குவானா? அப்ப இங்கயே உக்காந்து செஞ்சிருக்காங்கன்னு தெரியுதா?’ உங்கப்பாவின் குரல் மாதிரியே இருந்தது. நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

உன் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டதை நீ கவனிக்கவே இல்லை. தொப்பி போட்ட ஒரு சென்னை அம்மா, அவர் பிள்ளைகள், ஒரு புதுசாகக் கல்யாணமான ஜோடி. எல்லாரும் கடலிலிருந்து நேராக வந்தவர்கள், எல்லாருக்கும் காலில் மணல். ஃபேனுக்கு அடியில் நிற்பதை விட்டுவிட்டு உன்னோடு அறை அறையாக வந்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒருவர்கூட பாத்ரூம் கேட்கவில்லை. அந்தத் தொப்பிக்கார அம்மாதான் கடைசியில், ‘மேடம், நீங்க இங்கதான் ஒர்க் பண்றீங்களா?’ என்று கேட்டார். நீ வெட்கப்பட்டுச் சிரித்தாய். ‘இல்லீங்க. எங்கப்பா இங்க இருந்தாரு. இப்ப எங்கம்மா இருக்காங்க. எனக்குக் குடுத்து வைக்கல’ என்று என் பக்கம் கையைக் காட்டினாய். அவர் என்னைப் பார்த்து, ‘உங்க பொண்ணா? கொடுத்து வச்சவங்க நீங்க’ என்றார்.

அவர்கள் போன பிறகு யாழினி விடவில்லை. ‘ஏம்மா, தாத்தா செத்தப்ப அந்த வேலைய நீ கேட்டிருக்கலாம்ல?’ என்றாள். பதினாலு வயதுப் பிள்ளைக்குத் தோன்றுகிறது பார். நீ அவள் தலைமுடியிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டே, ‘கேட்டாலும் குடுக்க மாட்டாங்கடி. பொண்டாட்டி இருக்கறப்ப பொண்ணுக்குக் குடுக்கக் கூடாதுன்னு ரூல்’ என்றாய். ‘லூசு ரூல்’ என்றாள் அவள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது என்ன தெரியுமா? ‘ஏய், கண்ணாடி மேல கைய வைக்காத!’ பேத்தியிடம், அதுவும் ஊர்ப் பிள்ளையை விரட்டுகிற குரலில். அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. ‘அவ கைய வைக்கவே இல்லியேமா’ என்றாய் நீ. ஆமாம், வைக்கவில்லை.

அப்படி ஒரு ரூல் கிடையாது செல்வி. அதை உனக்குச் சொன்னது நான்.

அப்பா போன ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, அப்போது அங்கே பெரிய அதிகாரியாக இருந்தவர் துக்கம் கேட்க வீட்டுக்கு வந்தார். நீ அவருக்குக் காபி போடப் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தாய். ‘வேலை உங்க குடும்பத்துக்கு உண்டும்மா. நீங்களும் மனு போடலாம், பொண்ணும் போடலாம், ஒருத்தர் போடணும், மத்தவங்க ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுக்கணும். என்னைக் கேட்டா பொண்ணுக்குக் கேளுங்க. அதுக்கு அங்க எல்லாம் தெரியும். படிப்ப முடிச்சா மேல வரும்’ என்றார். நல்ல மனுஷர். நான் தலையை ஆட்டினேன். நீ பாலோடு வருவதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. அவர் போன பிறகு உன் மாமாவிடம் சொன்னேன். ‘பொண்ணு இன்னொரு வீட்டுக்குப் போறவ. வேலையும் அவகூடவே போயிடும். உனக்கும் படிக்கற பையனுக்கும் யாரு? நீ போடு. அவகிட்ட நான் பேசட்டுமா?’ என்றார். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மாமாவின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு எவ்வளவோ ஆசை. ஆனால் அவர் உன்னிடம் பேசுகிறேன் என்றுதான் சொன்னார். கேட்காமல் விட்டது நான்.

மாமா இங்கிலீஷில் டைப் அடித்து வாங்கிவந்த பேப்பர் மூன்று நாள் அரிசி டப்பாவுக்கு அடியில் கிடந்தது. நாலாம் நாள் காலை. நீ மீன் கழுவிக்கொண்டிருந்தாய், கருமாதி முடிந்து வீட்டில் முதல் முதலாக மீன் வாங்கியிருந்தோம். நான் பேனாவோடு வந்து நின்றேன். ‘இதுல ஒரு கையெழுத்துப் போடு செல்வி.’ ‘எதுக்கும்மா?’ என்றாய். ‘அப்பா பென்ஷன் பேப்பருடி. வீட்ல பெரியவங்க எல்லாம் போடணுமாம்.’ நீ கையைக் கழுவி, பாவாடையில் துடைத்து, மோந்து பார்த்து, ‘மீன் வாசன வருமேம்மா’ என்று சொல்லிக்கொண்டே போட்டாய். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறவள், உனக்கு அந்த இங்கிலீஷ் படிக்கத் தெரியாதா? இரண்டே இரண்டு வரி. நீ கண்ணை ஓட்டியிருந்தால் போதும், இந்த வேலை எனக்கு வேண்டாம், என் தாய்க்குக் கொடுங்கள் என்று அதில் இருந்தது தெரிந்திருக்கும். அம்மா கொடுத்தாள், போட்டாய். எனக்கு வேலைக்கான ஆர்டர் வந்தபோது நீதான் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாய். ‘எனக்குக் குடுப்பாங்களோன்னு ஒரு நெனப்பு இருந்துச்சும்மா’ என்று மெதுவாகச் சொன்னாய். அப்போதுதான் அந்த ரூலைச் சொன்னேன். யோசிக்கவே இல்லை, தானாக வந்தது.

அதற்கப்புறம் உன்னை வீட்டில் வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. நான் டியூட்டி முடிந்து வந்தால் நீ ஓடிவந்து, அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார்களா, அந்தப் பெட்டிக்குப் புதுக் கண்ணாடி போட்டார்களா என்று கேட்பாய். எனக்கு எரிச்சலாக வரும். உனக்கு வரன் பார்க்க அவ்வளவு அவசரப்பட்டதற்கு அதுதான் காரணம். படிப்பு முடிய நாலு மாதம் இருந்தது. மாப்பிள்ளை தங்கமானவராக அமைந்தது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, உன் நல்ல நேரம். என் கண்ணுக்கு முன்னால் நீ இல்லாமல் இருந்தால் போதும் என்று திருப்பூருக்குப் பஸ் ஏற்றினேன். பஸ் கிளம்பும்போது நீ அழுதாய். நான் அழவில்லை என்று மாமிகூடச் சொல்லிக் காட்டினாள்.

இப்போது நீங்கள் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் காலையிலிருந்து மனதைத் திடப்படுத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைச்சாவடியிலிருந்து வருகிற மீன்கார அம்மாவிடம் சங்கரா மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். மாப்பிள்ளை இரண்டாம் தடவை சோறு வாங்கும்போது, ‘அத்தை, ரிடையர் ஆனதும் எங்ககூடவே வந்துடுங்க. தனியா எதுக்குக் கெடக்கறீங்க?’ என்றார். நீ உடனே, ‘ஆமாம்மா. எங்களுக்காக எத்தன வருஷம் நின்ன. போதும், வந்து கால நீட்டி உக்காரு. காலைல காபி நான் போட்டுத் தரேன்’ என்றாய். எங்களுக்காக என்றாயே, அந்த வார்த்தையோடு எனக்குச் சோறு இறங்கவில்லை. முள் மாட்டிக்கொண்டது என்று சொல்லி எழுந்து போய்க் கொல்லையில் நின்றேன். சாயங்காலம் நீங்கள் கிளம்பும்வரை, யாழினிக்கு அதை எடுத்துப் போ, இதை எடுத்துப் போ என்று பேசிக்கொண்டே இருந்தேனே தவிர, அந்தப் பேச்சுக்கு வரவில்லை. ‘யோசிச்சுச் சொல்லும்மா’ என்றாய். யோசிக்க ஒன்றும் இல்லை. வர வேண்டும் என்றுதான் ஆசை. எனக்கு வேறு என்ன ஆசை இருக்கிறது?

நீங்கள் போன அடுத்த வாரம் ரிடையர்மெண்ட் பேப்பர்களைச் சரிபார்க்க என் பழைய ஃபைலை எடுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளின் போட்டோ, அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அதற்குக் கீழே உன் பேப்பர். ஆபீஸில் இருக்கும் பொண்ணு, ‘யாரு ஆன்ட்டி இது, உங்க பொண்ணா? எவ்ளோ பெரிய மனசு! இப்பல்லாம் கூடப்பொறந்ததுங்க இதுக்கு அடிச்சிக்குதுங்க’ என்றாள். உருண்டை உருண்டையாக உன் கையெழுத்து. ஓரத்தில் தண்ணீர் பட்டு மை கொஞ்சம் பரவியிருந்தது. அவளிடம் கேட்டு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். இந்தத் தடவை படித்துவிடு. இனிமேல் யார் எந்தப் பேப்பரை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, யாழினிக்கும் இதைப் பழக்கு. பெற்றவள் நீட்டினாலும்.

தம்பியின் படிப்புக்காகத்தான் அம்மா இப்படிச் செய்தாள் என்று நீயாகவே ஒரு காரணம் கண்டுபிடிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? நானும் இத்தனை வருஷம் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். உனக்கு அந்த வேலை கிடைத்திருந்தாலும் அவனைப் படிக்க வைத்திருப்பாய். அவன் இன்று சென்னையில் இருக்கிறான், தீபாவளிக்குத் தீபாவளி வருகிறான், அது நான் உழைத்ததால் மட்டும் நடந்தது இல்லை. அப்பாவின் பென்ஷனும் வந்தது. உண்மை வேறு. எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. கருமாதி முடிந்து பூவையும் பொட்டையும் எடுத்துவிட்டு என்னை உள்ளே உட்காரவைத்தார்கள். விசேஷ வீட்டுக்கு வராதே என்று யாரும் சொல்லவில்லை, பத்திரிகை மட்டும் உன் பெயருக்கு வரும். எதிர்வீட்டுக்காரி காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தால், அப்படியே திரும்பி உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளியே வருவாள். அதற்காகவே அவள் போகும்வரை கதவுக்குப் பின்னால் நிற்கப் பழகினேன். நீ அந்த வேலைக்குப் போயிருந்தால் நான் சாகும்வரை அந்தக் கதவுக்குப் பின்னால்தான். எனக்கு வெளியே போக வேண்டும் போலிருந்தது. தலை வாரி, சேலையை மடித்துக் கட்டி, பஸ் ஏற வேண்டும். மியூசியத்தில் நான் எதிரில் வந்தால் யாரும் திரும்பிப் போக மாட்டார்கள், டிக்கெட் வாங்கிவிட்டார்களே. முதல் நாள் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி என்னைப் பார்த்து ‘போன்ழூர்’ என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிச் சிரித்தது. அன்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? அதற்காகத்தான் செய்தேன், எனக்காக. உன்னிடம் கேட்டிருந்தாலும் நீ கொடுத்திருப்பாய், அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் கேட்டால் நீ முகம் வாடித்தான் கொடுப்பாய், அதைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ள எனக்குத் தைரியமில்லை. ஏமாற்றி வாங்குவது சுலபமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அந்த ஜனங்கள் உன் பின்னால் வந்ததைப் பார்த்த பிறகுதான் நான் எடுத்துக்கொண்டது எவ்வளவு என்று புரிந்தது. நான் அங்கே நின்றேன், அவ்வளவுதான். மணலைப் பெருக்கச் சொன்னேன், கண்ணாடியைத் தொடாதே என்றேன், பூட்டினேன், திறந்தேன். இருபத்தொரு வருஷத்தில் கடலுக்கு வந்துவிட்டு உள்ளே நுழைந்த எத்தனை பேர் ஒன்றும் தெரியாமலே திரும்பிப் போயிருப்பார்கள். நீ இருந்திருந்தால் அவர்கள் நின்று பார்த்திருப்பார்கள். நீயும் துணியில் கறை தேடிக்கொண்டு நின்றிருக்க மாட்டாய்.

யாழினியிடம் சொல். ரூல் ஒன்றும் இல்லை, உன் ஆயாதான் ஏமாற்றி வாங்கிக்கொண்டாள் என்று அப்படியே சொல். அவளைத் திட்டியதற்கும் அதுதான் காரணம் என்று சொல். மாப்பிள்ளையிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

உன்னைப் பற்றி எனக்கு ஒரு பயம் இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் ஒரு மூச்சு அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, ‘அதனால இன்னாம்மா, பழசெல்லாம் எதுக்கு இப்ப, நீ கெளம்பி வா’ என்று சொல்லிவிடுவாய். தயவுசெய்து அப்படிச் சொல்லாதே. நாற்பத்தொரு வயதாகிறது உனக்கு, என்னிடம் நீ ஒரு நாள்கூடக் கோபப்பட்டதில்லை. உன் அம்மா உனக்காக நின்று தேய்ந்தவள் என்று உன்னை நம்பவைத்து, கோபப்பட முடியாமல் பார்த்துக்கொண்டேன். வேலையை எடுத்துக்கொண்டதைவிட இதுதான் பெரிய திருட்டு என்று இப்போது தோன்றுகிறது. எவ்வளவு நாள் வேண்டுமோ எடுத்துக்கொள். திட்ட வேண்டும் போலிருந்தால் போன் செய்து திட்டு, ஸ்பீக்கரில் போடாமல். நான் குறுக்கே பேச மாட்டேன். எல்லாம் திட்டித் தீர்த்த பிறகும் அம்மா வேண்டும் போலிருந்தால் கூப்பிடு, மறுநாளே பஸ் ஏறிவிடுகிறேன். வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்லிவிடு செல்வி. இந்தத் தடவையாவது உன்னைக் கேட்டு உன் பதிலை வாங்கிக்கொள்கிறேன்.

அம்மா